இலவச வகுப்பு முடிந்த பிறகு
யோகா கற்பிக்க விரும்பும் சகோதரிகளுக்குச் சில கணக்குகள்



முசலியின் கிராமங்களுக்குப் பணி நிமித்தம் போய்வரும் எனக்கு, பெண்கள் கூடும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மிஸ், அந்த யோகா வகுப்பு திரும்ப எப்ப நடக்கும்?" என்பதே அது.

உளசமூகத் திட்டங்களின் கீழ் மூச்சுப் பயிற்சியும் எளிய ஆசனங்களும் கற்பிக்கப்பட்ட இடங்களில் எல்லாம் கதை ஏறத்தாழ ஒன்றுதான். திட்டம் ஆறு மாதம் ஓடும். சிலவேளை ஒரு வருடம் ஓடும். பயிற்றுவிப்பவர் வெளியிலிருந்து வருவார். பங்குபற்றுபவர்களுக்குத் தேநீரும் சிற்றுண்டியும் கிடைக்கும். பிறகு நிதி முடியும், பனர் கழற்றப்படும். இடுப்பு வலி குறைந்தது, இரவில் நித்திரை வந்தது என்று சொன்ன பெண்கள் மறுபடியும் வீட்டுக்குள் அடங்கிவிடுவார்கள்.

இதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு விடயம் உண்டு. கற்றுக்கொண்ட இருபது பேரில், பிறருக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடியவர்களாக ஒருவரோ இருவரோ தேறியிருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம், "நீங்களே வகுப்பைத் தொடங்கினால் என்ன?" என்று கேட்டேன். "தொடங்கலாம் மிஸ். ஆனா நானும் அவங்களப்போல இடம்பெயர்ந்து, எல்லாத்தையும் இழந்து வந்தவள்தானே. அவங்களிட்ட எப்பிடிக் காசு கேக்கிறது?" என்றார் அந்தச் சகோதரி.

இக்கட்டுரை அந்தக் கேள்விக்கான பதிலாகும். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கேட்காவிட்டால் அந்த வகுப்பு நிலைக்காது. எவ்வளவு கேட்பது, எப்படிக் கேட்பது, அதற்கு முன் எவற்றையெல்லாம் யோசிப்பது என்பதையே இங்கு பார்க்கப் போகின்றோம்.

நிதி நின்றால் பள்ளியும் நிற்கும்

நிதியுதவியை மட்டும் நம்பியிருந்த வகுப்பு நின்றுபோவது இன்று எமக்கு மட்டும் நேர்ந்த ஒன்றல்ல. இன்று உலகம் முழுவதும் கற்பிக்கப்படும் யோகாசன முறைகள் பலவற்றுக்கு வேராக இருந்தவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1933ஆம் ஆண்டு மைசூர் மகாராஜாவின் ஆதரவில் அவர் ஒரு யோகசாலையை நடத்தத் தொடங்கினார். இடமும் செலவும் அரண்மனையுடையது. அந்த மகாராஜா 1940இல் காலமானார். இந்தியா சுதந்திரமடைந்த பின்னர் அரண்மனைப் பணம் நின்றது. 1950இல் யோகசாலை மூடப்பட்டது. பெயர்பெற்ற ஆசிரியர், நல்ல மாணவர்கள், பதினேழு வருட உழைப்பு. இவை எல்லாம் இருந்தும் பள்ளி நிலைக்கவில்லை.

அறுபது வயதைக் கடந்த அவர் 1952இல் சென்னைக்குக் குடிபெயர்ந்து, தனித்தனி ஆட்களுக்கு, அவரவர் வயதுக்கும் நோய்க்கும் ஏற்றபடி கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் நிறுவிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் சென்னையில் தொடர்ந்து இயங்கி வந்துள்ளது. ஒருவர் கொடுத்த பெரும் பணத்தில் நின்ற பள்ளி மூடப்பட்டது. பலருக்குத் தேவையானதை அறிந்து கொடுத்த கல்வி நிலைத்தது. கிராமத்தில் ஒரு பாயை விரித்து வகுப்புத் தொடங்கும் சகோதரிக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

யாருக்குக் கற்பிக்கப் போகின்றீர்கள்?

எந்தச் சுயதொழிலுக்கும் முதற் கேள்வி, வாங்குபவர் யார் என்பதே. முசலியில் இக்கேள்விக்குப் பதில் சொல்ல எமது வரலாற்றையும் நினைவில் வைக்க வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் முசலி மக்களும் அடங்குவர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதி வாழ்வு வாழ்ந்து, 2009இல் போர் முடிந்த பின்னரே திரும்பத் தொடங்கினர். 2007இல் போர் முசலிக்குள் வந்தபோது முள்ளிக்குளத்துக் கத்தோலிக்க மக்கள் உட்படப் பலர் ஊரை விட்டு வெளியேறினர். ஆக, சிலாவத்துறையிலும் அரிப்பிலும் மறிச்சுக்கட்டியிலும் உங்கள் வகுப்புக்கு வரக்கூடிய பெண்கள் வெவ்வேறு வழிகளில் இழப்பைச் சந்தித்தவர்கள். அவர்கள் முஸ்லிம்களாகவும் கத்தோலிக்கர்களாகவும் இந்துக்களாகவும் இருப்பார்கள்.

யோகா என்றவுடன் "அது இந்துக்களின் வழிபாடு அல்லவா?" என்ற தயக்கம் எழுவது இயல்பு. இத்தயக்கத்தைப் பழிக்காமல், மறைக்காமல், முன்கூட்டியே பேசித் தீர்ப்பதே நல்லது. மலேசியாவின் தேசிய பத்வா சபை 2008 நவம்பரில், மந்திரம் ஓதுதலும் வழிபாடும் கலந்த யோகாவை முஸ்லிம்கள் செய்யலாகாது என்று தீர்ப்புக் கூறியது. சில நாட்களில் அந்நாட்டுப் பிரதமர் அப்துல்லா படாவி, மந்திரம் இல்லாத உடற்பயிற்சியாகச் செய்வதில் தடையில்லை என்று விளக்கினார். சவூதி அரேபியா 2017இல் யோகாவை ஒரு விளையாட்டாகவே அங்கீகரித்தது. அங்கே அதற்காகப் பல வருடங்கள் உழைத்த நௌப் மர்வாய் என்ற பெண்மணிக்கு இந்திய அரசு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

எமது நாட்டிலும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரால் மனம் காயப்பட்டவர்களுக்குச் சாந்தப் பயிற்சி கொடுக்கும்போது, அவரவர் சமயத்துக்குரிய சொல்லையே பயன்படுத்தும் முறையை எழுதியுள்ளார். இந்துக்களுக்கு ஓம், கத்தோலிக்கர்களுக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்கு சுப்ஹானல்லாஹ் என்றவாறு அது அமையும். பல சமயத்தவரும் ஒன்றாக இருக்கும் பொது வகுப்பில் சொல் எதுவும் இன்றி மூச்சை எண்ணுவதே போதுமானது.

எனவே தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை இவை. பள்ளிவாசல் நிர்வாகத்தினர், பங்குத்தந்தை, கிராம அலுவலர், மாதர் சங்கத் தலைவி ஆகியோரைச் சந்தித்து, வகுப்பில் என்ன நடக்கும் என்பதை விளக்குங்கள். பெண்களுக்கு மட்டும், பெண் கற்பிப்பது, படம் எடுக்கப்படமாட்டாது என்பவற்றைத் தெளிவாகக் கூறுங்கள். விளக்கு, படம், மந்திரம் எதுவும் வேண்டாம். "மூச்சு மற்றும் உடற்பயிற்சி வகுப்பு" என்று பெயர் வைப்பதிலும் தவறில்லை. ஆனால் அதில் யோகாசனம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. மறைத்தது பின்னர் தெரியவந்தால் வகுப்போடு உங்கள் நற்பெயரும் போய்விடும். உடை விடயத்தில் தளர்வான சல்வார் போதும். வெளியிலிருந்து பார்வை படாத மண்டபம் அவசியம்.

கட்டணம்: ஓர் உதாரணக் கணக்கு

தையல் தைத்துக் கொடுப்பவருக்குக் கூலி கொடுக்க எவரும் கூச்சப்படுவதில்லை. மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியைக்குப் பணம் கொடுக்கின்றோம். உடலுக்கும் மனதுக்கும் ஆறுதல் தரும் பயிற்சிக்கு மட்டும் ஏன் இலவசம்? இலவசமாகக் கிடைப்பதற்கு வருவோர் "இன்றைக்கு ஏலாது, அடுத்த கிழமை பார்ப்போம்" என்று நின்றுவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நூறு ரூபா கொடுத்தவர் குடையைப் பிடித்துக்கொண்டாவது வந்துவிடுவார்.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். இது உதாரணம் மட்டுமே. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

கிழமைக்கு இரண்டு வகுப்பு, மாதத்துக்கு எட்டு வகுப்பு. 15 பெண்கள், ஒருவருக்கு மாதம் 500 ரூபா. வரவு 7,500 ரூபா.

செலவு: பஸ் கட்டணம் 800, மண்டபத்துக்கும் மின்சாரத்துக்கும் 800, தொலைபேசி 300, பாய், போட்டோப் பிரதி முதலிய சில்லறை 300, அவசரத்துக்கென ஒதுக்கி வைப்பது 300. மொத்தம் 2,500 ரூபா. மீதி 5,000 ரூபா.

இந்த 5,000 ரூபாவும் இலாபம் என்று பலர் நினைக்கின்றனர். அது இலாபம் அன்று, உங்கள் கூலி. வகுப்பு ஒரு மணித்தியாலம்தான். ஆனால் போய் வரவும் ஆயத்தம் செய்யவும் இன்னும் இரண்டு மணித்தியாலம் செலவாகும். எட்டு வகுப்புக்கு 24 மணித்தியாலம். 5,000ஐ 24ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 208 ரூபா. உங்கள் ஊரில் வயல் வேலைக்கோ கருவாட்டு வேலைக்கோ ஒரு பெண்ணுக்குக் கொடுக்கும் கூலியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி, நான்கு பேர் அந்த மாதம் பணம் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். வரவு 5,500 ஆகும். செலவோ மாறாது. மீதி 3,000, மணித்தியாலத்துக்கு 125 ரூபா. ஐந்து பேர் மட்டுமே பணம் தந்தால் செலவும் வரவும் சரியாகிவிடும். உங்கள் கைக்கு ஒன்றும் வராது. ஆகவே இந்த வகுப்பில் முதல் ஐந்து பேரின் பணம் செலவுக்கு, ஆறாவது ஆளிலிருந்துதான் உங்கள் உழைப்புக்கு ஊதியம். இந்த எண்ணிக்கையை அறியாமல் வகுப்பைத் தொடங்காதீர்கள்.

வசதியில்லாதவர்களை என்ன செய்வது? இதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். பதினைந்தில் இரண்டு இடம் கட்டணம் இன்றி என்று வையுங்கள். யாருக்கு அந்த இடம் என்பது உங்களுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். முட்டையோ கருவாடோ கொண்டு வந்து தருபவரிடம் அதை வாங்கி, அதன் விலையைக் கொப்பியில் எழுதி வையுங்கள். இரக்கம் காட்டுவது நல்லது. கணக்கில்லாத இரக்கம் உங்கள் பிள்ளைகளின் வயிற்றில் கை வைக்கும்.

பணத்தை மாதத் தொடக்கத்திலேயே வாங்குவது வழக்கமாக இருக்கட்டும். முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சமாக இருந்தால், வருபவர்களில் ஒருவரைப் பொருளாளராக்குங்கள். சீட்டுப் பிடித்துப் பழகிய எங்கள் பெண்களுக்கு இது புதிய வேலை அல்ல.

காலம் அறிந்து தொடங்குதல்

எமது பகுதியில் பணம் எல்லா மாதமும் ஒரேமாதிரி ஓடுவதில்லை. சோளகக் காற்றுக் காலத்தில் கடற்தொழில் குறையும். அறுவடைக் காலத்தில் கையில் பணம் இருக்கும், ஆனால் பெண்களுக்கு நேரம் இராது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபோது எத்தனை வள்ளங்கள் கரையில் கிடந்தன என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியான மாதத்தில் வீட்டுச் செலவில் முதலில் வெட்டப்படுவது உங்கள் வகுப்புக் கட்டணமாகவே இருக்கும்.

ஆகவே பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே வரவை எதிர்பார்க்க வேண்டாம். நோன்பு மாதத்தில் முஸ்லிம் சகோதரிகளுக்குப் பகல் வகுப்பு பொருந்தாது. தவக்காலத்திலும் மடுத் திருவிழாக் காலத்திலும் கத்தோலிக்கக் குடும்பங்களின் நேர ஒழுங்கு மாறும். இவற்றை ஒரு நாட்காட்டியில் குறித்து, எட்டு அல்லது ஒன்பது மாதத்துக்கு வகுப்பு என்று திட்டமிட்டு, மீதி மாதங்களுக்கு வேறு வருமானத்தை வைத்துக்கொள்ளுங்கள். தையலையோ கோழி வளர்ப்பையோ விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டாம். இரண்டாவது வருமானமாகத் தொடங்கி வளர்த்தெடுப்பதே பாதுகாப்பானது.

கடன் வாங்கியா தொடங்குவது?

வேண்டாம். இந்தத் தொழிலின் சிறப்பே அதற்கு முதல் அதிகம் தேவையில்லை என்பதுதான். இறப்பர் பாய் வாங்க வேண்டியதில்லை. எங்கள் பனையோலைப் பாயில் ஒரு தடித்த துணியை விரித்தால் போதும். அவரவர் பாயை அவரவரே கொண்டு வரலாம். மாதர் சங்கக் கட்டடம், முன்பள்ளி ஆகியவை பின்னேரங்களில் வெறுமனே கிடக்கின்றன.

நுண்கடன் வட்டி எமது பெண்களை எந்த நிலைக்குக் கொண்டு சென்றது என்பதை நாம் கண்டோம். 2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களுக்கு 220 சதவீதம் வரை வட்டி அறவிடப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். அதே வருடம் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. பாய் விரித்து நடத்தும் வகுப்புக்காக அந்தக் குழியில் இறங்க வேண்டியதில்லை.

சான்றிதழும் பதிவும்

"200 மணித்தியாலச் சான்றிதழ் இருந்தால்தான் கற்பிக்கலாம்" என்று கூறிப் பெருந்தொகை கேட்கும் விளம்பரங்கள் இப்போது தொலைபேசியில் நிறைய வருகின்றன. இந்த 200 மணித்தியால அளவு, அமெரிக்காவில் 1999இல் தொடங்கப்பட்ட யோகா அலையன்ஸ் என்ற அமைப்பின் பதிவேட்டால் பரவியது. அது ஒரு தனியார் அமைப்பு. அதன் பதிவு அரச அனுமதிப்பத்திரம் அன்று. சுற்றுலா விடுதியில் வேலை தேடுபவருக்கு அது உதவலாம். கிராம வகுப்புக்கு அதைவிட முக்கியமானது, நேரில் ஓர் ஆசிரியையிடம் முறையாகப் படித்திருப்பதும், தெரியாததைச் செய்விக்காமல் இருப்பதும் ஆகும்.

ஆனால் வியாபாரப் பெயர்ப் பதிவு பயனுள்ளது. கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். தேவையான பத்திரங்களை அங்குள்ள உத்தியோகத்தரிடம் முதலில் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள். ஒரு நாள் அலைச்சல் மிச்சமாகும். பதிவு இருந்தால் வங்கிக் கணக்குத் திறக்கலாம். பாடசாலையோ நிறுவனமோ பயிற்சிக்கு அழைக்கும்போது பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம். யூன் 21ஆம் திகதி 2015 முதல் சர்வதேச யோகா தினமாகக் கொண்டாடப்படுகின்றது. அந்த நாட்களில் ஒரு மணித்தியாலப் பயிற்சிக்கு ஆள் தேடுவதுண்டு. அழைப்பவரிடம் கொடுப்பனவு எவ்வளவு, போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதை முன்னரே எழுத்தில் கேளுங்கள். "சேவையாகச் செய்யுங்கோ" என்று சொல்பவர்களின் வரவு செலவுத் திட்டத்தில் பயிற்றுநருக்கென ஒரு வரி இருக்கக்கூடும்.

பாதுகாப்பும் தொழிலின் பகுதியே

ஒருவருக்கு வகுப்பில் தீங்கு நேர்ந்தால் அடுத்த நாள் எவரும் வரமாட்டார்கள். எனவே முதல் நாளே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு எழுதுங்கள்: கர்ப்பமா, உயர் இரத்த அழுத்தம் உண்டா, சத்திர சிகிச்சை நடந்ததா, உடலில் செல் துண்டு உண்டா? ஐயம் இருந்தால் வைத்தியரைக் கேட்ட பின்னரே சேருங்கள். "சீனி வருத்தம் மாறும், மாத்திரையை விடலாம்" என்று ஒருபோதும் கூற வேண்டாம்.

மனக் காயத்துக்கும் இதே அக்கறை தேவை. கண்ணை மூடச் சொன்னால் சிலருக்குப் பழைய காட்சிகள் வந்துவிடும். மல்லாந்து படுப்பது சிலருக்குப் பயத்தைக் கொடுக்கும். "விருப்பமென்றால் மூடுங்கள், இல்லாவிட்டால் தரையைப் பாருங்கள்" என்று சொல்லுங்கள். கேட்காமல் எவரையும் தொட்டுத் திருத்த வேண்டாம். அமெரிக்காவில் நீண்டகால மனவடு கொண்ட 64 பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், 10 கிழமைகள் இவ்வாறான யோகா வகுப்பில் பங்குபற்றியவர்களில் பாதிப்பேருக்கு அந்நோயின் அடையாளங்கள் நோய் எனக் கூற முடியாத அளவுக்குக் குறைந்திருந்தன. ஆனால் அவர்கள் ஏற்கெனவே சிகிச்சை பெற்று வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. யோகா சிகிச்சைக்குத் துணை, அதற்குப் பதிலாகாது. அழுகை நிற்காத, சாக வேண்டும் என்று பேசுகின்ற சகோதரியை வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய உளநல உதவி இலக்கம் 1926. வீட்டில் வன்முறையை அனுபவிப்பவர்களுக்குப் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இவ்விரண்டையும் மண்டபச் சுவரில் எழுதி வையுங்கள்.

தொலைபேசியில் இல்லாதது

"யூடியூப்பில் எல்லாம் சும்மா கிடக்குதே, உங்களிடம் ஏன் வர வேண்டும்?" என்று யாராவது கேட்பார்கள். தொலைபேசி ஆசனத்தைக் காட்டும். ஆனால் ஒரு கிழமை வராத பெண்ணை அது தேடிப் போகாது. சமூகவியல் படித்தவள் என்ற முறையில் நான் இதை முக்கியமாகக் கருதுகின்றேன். எங்கள் பெண்களுக்கு, யாருக்கும் சமைக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், பிற பெண்களோடு இருக்கக் கிடைக்கும் ஒரு மணித்தியாலம் அரிது. 1990இல் போனவரும் 2007இல் போனவரும் ஒரே மண்டபத்தில் அருகருகே பாய் விரிப்பது எந்தக் கூட்டத்தாலும் எளிதில் சாதிக்க முடியாதது. அதற்குத்தான் அவர்கள் 500 ரூபா தருகின்றார்கள்.

தொடங்க விரும்பும் சகோதரிகள் இந்த மாதம் மூன்று வேலைகளைச் செய்து பாருங்கள். முதலாவது, வருவதாகச் சொல்லும் பெண்களின் பெயர்களை எழுதி, அவர்களில் எத்தனை பேர் ஒரு மாதக் கட்டணத்தை முற்பணமாகத் தருவார்கள் என்று கேளுங்கள். வாய் வார்த்தையைவிட முற்பணமே நம்பத்தக்கது. இரண்டாவது, மேலே காட்டிய கணக்கை உங்கள் ஊர் விலையில் போட்டு, எத்தனையாவது ஆளிலிருந்து உங்கள் கூலி தொடங்குகின்றது என்று கண்டுபிடியுங்கள். மூன்றாவது, இரண்டு கொப்பி வாங்குங்கள்: ஒன்று வகுப்புக் கணக்குக்கு, மற்றது வீட்டுக் கணக்குக்கு. இரண்டு பணமும் ஒரே பேர்சில் கலக்கக் கூடாது.

மூன்று மாதம் நடத்திய பின் கொப்பியைத் திறந்து பாருங்கள். கூலி கிடைத்திருந்தால் தொடருங்கள். கிடைக்காவிட்டால் கட்டணத்தையோ நேரத்தையோ இடத்தையோ மாற்றுங்கள். இழந்துவிட்டு எழுந்த பெண்களுக்கு, தாம் கற்ற ஒன்றைக் கற்பித்து அதற்குரிய ஊதியத்தைக் கேட்டுப் பெறுவது தலைகுனிவு அல்ல. அது அவர்களுடைய உழைப்பின் உரிமையாகும்.